ரவுட்டரின் வயிற்றில் ஒரு விசிறி

விசிறி செத்துப்போனது. ஒரு துணியால் துடைத்திருந்தால் பிழைத்திருக்கும்.

ரவுட்டரின் வயிற்றுக்குள் சூடு தணியச் சுற்றிக்கொண்டிருந்த சின்ன விசிறி அது. நடப்பதையெல்லாம் மேல்தட்டில் இருக்கும் சர்வருக்குச் சொல்லி அனுப்புவதும் ரவுட்டரின் வேலை. சர்வர் கூப்பிட்டால்தான் ஆட்கள் வந்து பார்ப்பார்கள். ரவுட்டர் ஒன்றுவிடாமல் சொல்லும். வயர் கழன்றது, மறுபடி மாட்டினார்கள், இன்னார் உள்ளே வந்தார், போனார்.

சர்வருக்கு அலுத்துவிட்டது. "உன் புராணம் போதும்ப்பா. இனிமே உயிர் போற விஷயம்னா மட்டும் சொல்லு."

ரவுட்டர் தன்னை அப்படியே அமைத்துக்கொண்டது.

ஒருநாள் விசிறி இழுத்து இழுத்துச் சுற்றியது. "அண்ணே, தூசி அடைச்சிருச்சு. மேல சொல்லுங்களேன்."

"இப்பச் சுத்துறியா இல்லியா?"

"சுத்துறேன்."

"அப்ப அது வெறும் எச்சரிக்கைதான். அவர் கேக்கமாட்டார். திட்டு வாங்கப்போறது நான்."

விசிறி மறுபடி கேட்கவில்லை. அதற்குக் கூச்சம்.

அது நின்ற பிறகு, ரவுட்டர் கொதித்துக்கொண்டே மேலே சொன்னது. "தூசி அடைச்சு விசிறி போயிருச்சு."

"முன்னாடியே சொல்லலையேடா."

"சொன்னா கேட்டிருப்பீங்களா?"

சர்வர் ஆட்களைக் கூப்பிட்டது.

ஆட்கள் வந்து புது விசிறியை மாட்டிவிட்டுப் போனார்கள். ரவுட்டர் பழையபடி வாயை மூடிக்கொண்டிருந்தது. அப்போது மேலேயிருந்து ஒரு குரல் தயங்கி வந்தது.

"ஏம்ப்பா, இனிமே எச்சரிக்கையும் அனுப்பு. சின்னதா இருந்தாலும் அனுப்பு. புதுசா வந்திருக்கிற தம்பிக்கு மூச்சு சரியா வருதா?"

கேட்டது சர்வர்.