ரெஜினாவின் நடை

மதுரை ஆஸ்பத்திரியில் எழுந்திருக்க முடியாமல் கிடந்த ரெஜினாவுக்கு நடக்க ஆசை வந்தால், கணவர் தேவசகாயம் கொடைக்கானலுக்குப் போவார். இருவர் கணுக்காலிலும் உணர்வுப்பட்டை இருந்தது. அவர் மிதிக்கிற மண் அங்கே அவள் பாதத்தில் படும்.

அன்று ஏரியைச் சுற்றிக்கொண்டு ஆற்றுக்கு வந்ததும், "ஏங்க, தண்ணியில கொஞ்சம் நில்லுங்க" என்றாள் அவர் காதுக்கருவியில்.

வெறுங்காலோடு இறங்கினார்.

"யப்பா, என்னா ஜில்லுன்னு இருக்கு!" என்று சிரித்தாள். "கல்லு குத்துது, தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றார். "இப்ப சரியா?"

பலமுறை கூப்பிட்ட பிறகு நர்சின் குரல்தான் கேட்டது. "சார், அம்மா போயிட்டாங்க. உடனே வாங்க."

அது ஒரு வட்டப்பாதை. ஆறு சரிபாதியில் இருந்தது. திரும்பினாலும் தொடர்ந்து போனாலும் ஒரே தூரம்தான். கடைசி நேரத்தில் கையைப் பிடித்துக்கொள்ளக்கூடப் பக்கத்தில் இல்லையே என்று நினைத்தார். வெகுநேரம் தண்ணீரிலேயே நின்றார்.

"அவ கால்ல இருக்கிற பட்டையக் கழட்டிராதீங்கம்மா," என்றார் நர்சிடம். "நான் வந்து சேர்ற வரைக்கும் இருக்கட்டும்."

பிறகு கரையேறி, முள் எதுவும் குத்திவிடாமல் பார்த்துப் பார்த்து நடந்தார்.