ரோபோவின் கண்ணீர்

"எட்டு ஜாதகம் போயிருக்குடா. அதுல உன்னோடதத்தான் வேணும்னு அந்தப் பொண்ணே எடுத்துச்சாம்!"

கிள்ளானில் பெண் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, ராஜினி தம்பியின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். ஜெயந்திரன் கார்க் கண்ணாடியில் தலையைக் கோதிக்கொண்டான். ஜாதகத்தோடு அனுப்பிய போட்டோ நன்றாகத்தான் வந்திருந்தது.

"ஆனா அந்த ஸ்டார் ஹார்பர் படத்தப் பத்தி மட்டும் வாயத் தெறக்காத லா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

அக்கா பயந்ததில் தப்பே இல்லை. அந்தப் பழைய விண்வெளிப் படங்கள் மூன்றும் அவனுக்குச் சாமி மாதிரி. அதையே திரும்பத் திரும்பப் புதிதாக எடுத்துக் கெடுக்கிறார்களே என்று அவன் புலம்பிய புலம்பலில், முன்பு பார்த்த செமினிப் பெண்ணும் அம்பாங் பெண்ணும் தலைதெறிக்க ஓடிவிட்டார்கள்.

போதாததற்கு, படம் எடுத்த அமெரிக்கக் கம்பெனிக்குக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து வாரம் ஒரு புகார் இமெயில் வேறு அனுப்பிக்கொண்டிருந்தான். அரசாங்க உத்தியோகம் பார்த்த அப்பா பழக்கியபடி, அடியில் முழுப் பெயர், அடையாள அட்டையின் ஐசி நம்பர் எல்லாம் சுத்தமாக இருக்கும். வயதோ முப்பத்தேழு. இந்த இடமும் தட்டிப்போனால் அவ்வளவுதான்.

பலகாரம் ஆனதும், பெண்ணின் அப்பா சிவநேசன் ஜெயந்திரனையும் மகளையும் கார் போர்ச்சுக்கு அனுப்பினார். "பத்து நிமிஷம் பேசிட்டு வாங்க."

தாரா அழகாகச் சிரித்தாள். "படமெல்லாம் பாப்பீங்களா?"

"எப்பவாவது." ஜெயந்திரன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"புது ஸ்டார் ஹார்பர் பாத்தீங்களா?"

பாவி மனுஷன், எவ்வளவு நேரம்தான் அடக்குவான்!

"அதெல்லாம் ஒரு படமாங்க? பழைய ரோபோ ஒத்தக் கண்ணோட எவ்ளோ கெத்தா இருக்கும்! அதுக்குப் போய் இமை வச்சி, கண்ணீர் விட வச்சி... அத வரைஞ்சவன் மட்டும் என் கையில கெடைச்சான்னா!"

"கெடைச்சாச்சு. வரைஞ்சது நான்தான். கே.எல்.ல எங்க ஸ்டூடியோதான் அந்த ரோபோவச் செஞ்சது."

அவனுக்குக் குப்பென்று வியர்த்தது. "ஐயோ, நான் உங்களச் சொல்லல..."

"நாங்களும் மொதல்ல ஒத்தக் கண்ணுதான் வரைஞ்சோம். 'போன படத்துல ரோபோ மூஞ்சில உணர்ச்சியே இல்ல'ன்னு ஒரு ரசிகர் நூத்துப் பதினாலு இமெயில் போட்டாராம். கம்பெனிக்காரன் அத அப்படியே எங்க தலையில கட்டிட்டான். பதினோரு தடவ மாத்தி வரைஞ்சேன். ரெண்டு தீபாவளிக்கு வீட்டுக்கே வரல."

ஜெயந்திரன் சிரித்து மழுப்பினான். "யாரோ விவரம் இல்லாதவன் போட்டிருப்பான்..."

"விவரமெல்லாம் இருந்திச்சு. பேரு, ஐசி நம்பர், எல்லாமே. ஐசில மொத ஆறு நம்பர் பொறந்த தேதிதான? உங்க ஜாதகத்துலயும் அதே பேரு, அதே தேதி."

தாரா அவனைத் தலை முதல் கால் வரை ஒருமுறை நிதானமாகப் பார்த்தாள். பிறகு வீட்டுக்குள் குரல் கொடுத்தாள்.

"அப்பா, ஆளப் பாத்தாச்சு. அடுத்த ஜாதகத்த எடுங்க!"