இன்னும் ஆறு நிமிஷம்

பட்டு அந்த விண்கப்பலின் இறக்கையை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்திருந்த நேரத்தில்தான் மாப்பிள்ளையின் அம்மா உள்ளே வந்தாள்.

ஐந்து மணிக்கு வருவதாகச் சொன்னவள். சோழவந்தான் பஸ்ஸை யார் நம்புவது என்று முந்தின பஸ்ஸைப் பிடித்து, மூன்றரைக்கே வந்து நின்றாள். கையில் ஊர் வெற்றிலை ஒரு கவுளி.

நான் எதிர் வீடு. அன்றைக்கு மூன்றாவது தடவையாக உறைமோர் வாங்கப் போயிருந்தேன். அந்த வீட்டுக்குப் பெண் பார்க்க ஆள் வருகிற நாளில் என் வீட்டுப் பால் லேசில் உறையாது.

வெளியில் சொல்வது கொலு பார்க்க என்று. நவராத்திரித் தாம்பூலத்தை வாங்குகிற சாக்கில் பெண்ணையும் ஒரு பார்வை பார்த்துவிடுவார்கள். பிடித்தால் சொஜ்ஜி சாப்பிடுவார்கள். பிடிக்காவிட்டால், ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம் என்பார்கள். அந்த லெட்டர் வராது.

பட்டு பெண்கள் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர். முப்பது முடிந்துவிட்டது. அவள் அம்மா பாகீரதி மாமிக்கு முப்பதுக்கு மேல் எண்ணத் தைரியமில்லை.

இந்த லட்சணத்தில்தான் கப்பல்.

அமெரிக்காவிலிருக்கும் அண்ணன் ராஜாராமன் சிநேகிதர் ஒருவரிடம் கொடுத்தனுப்பிய பெட்டி. தங்கைக்குப் புடவை வந்திருக்கிறது என்று மாமி தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். திறந்தால், சாம்பல் நிறத்தில் நூற்றுச் சொச்சம் பிளாஸ்டிக் துண்டுகளும் படம் போட்ட ஒரு காகிதமும். எல்லாவற்றையும் ஒட்டி வர்ணம் அடித்தால், இதுவரை யாரும் போகாத இடத்துக்குப் போகிற, இன்னும் யாரும் கட்டாத ஒரு கப்பல் வருமாம்.

பத்து நாளாக இதே வேலை. துண்டுகளை நகவெட்டியால் ராவினாள். இரும்புக் கேட்டுக்கு அடிக்கிற வெள்ளிப் பெயிண்டைக் குச்சியில் பஞ்சு சுற்றித் தடவினாள். வால் பக்கத்துச் சிவப்புப் பட்டைக்கு நெயில் பாலிஷ். முறத்தில் பரப்பி மொட்டை மாடியில் காயவைத்ததைப் பார்த்து, மாமி வீட்டில் ஏதோ புது வற்றல் என்று நான்தான் தெருவுக்குச் சொன்னேன். எங்கள் தெருவுக்கு டெலிவிஷன் வராத காலம். செய்தி என் வழியாகத்தான் போகும்.

கொலுவில் மேல்படியில் மீனாட்சி கல்யாணம். கீழே, வருஷா வருஷம் பார்க் கட்டுகிற இடத்தில், இந்த வருஷம் சுண்ணாம்புத் தூளால் நிலா.

அங்கே இறங்க வேண்டிய கப்பல் பட்டுவின் மடியில் இருந்தது. கட்ட வேண்டிய பட்டுப்புடவை கட்டிலில் கிடந்தது.

"எழுந்திருடி. மாமிக்கு நமஸ்காரம் பண்ணு." பாகீரதி மாமி பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்தாள்.

"ஒட்டலைம்மா. விட்டா விழுந்துடும். இன்னும் ஆறு நிமிஷம்."

மூக்கில் வெள்ளிப் பெயிண்ட். பின்னலில் வெள்ளிப் பெயிண்ட். வரப்போகும் மாமியாருக்கு முன்னால், உட்கார்ந்த இடத்திலிருந்து தலையை மட்டும் ஆட்டினாள். போச்சு, ஆறு நிமிஷத்தில் ஒரு கல்யாணம் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா ஜானு மாமி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அவளுக்கென்று போட்டிருந்த நாற்காலியை விட்டுவிட்டு, பட்டுவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"எங்கே போறது இது?"

"சனிக்கு, மாமி."

பாகீரதி மாமி கண்ணை மூடிக்கொண்டாள். நல்ல காரியத்துக்கு வந்தவளிடம் பெண் பேசிய முதல் வார்த்தை சனி! சிரிப்பை அடக்கியதில் என் கையிலிருந்த உறைமோர் தளும்பியது.

ஜானு மாமி சிரிக்கவில்லை. "போறது சரி. திரும்பி வருமா?"

"இந்த இறக்கை ஒட்டிண்டா வந்துடும்."

ஜானு மாமி எழுந்தாள். வந்த அவசரத்தில் கால் அலம்ப மறந்துவிட்டதாம். வாசல் குழாய்க்குப் போகிற வழியில் எனக்குக் கண் ஜாடை காட்டினாள். பெண் எடுக்க வருகிறவர்கள் எதிர் வீட்டில் விசாரிக்காமல் போவதில்லை. ஜாதகத்துக்கு அடுத்தபடி நான்தான்.

"மறைக்காம சொல்லுங்கோ. பொண்ணு எப்படி?"

"நல்ல பொண்ணு" என்றேன்.

அவள் மீதிக்காகக் காத்திருந்தாள்.

ஜன்னல் வழியே உள்ளே பார்த்தேன். பட்டு ஒரு கையை எடுத்தாள். கொஞ்சம் பொறுத்து மற்றதையும் எடுத்தாள். இறக்கை நின்றது. யார் வந்திருக்கிறார்கள், எதற்கு வந்திருக்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல் தனக்குத் தானே சிரித்தாள். பத்து வருஷமாக எதிர் வீட்டிலிருந்து பார்க்கிறேன், அந்தச் சிரிப்பு என் கண்ணில் பட்டதில்லை.

"அம்புட்டுத்தான் மாமி. நல்ல பொண்ணு."

ஜானு மாமி உள்ளே போனாள். "சொஜ்ஜி ஆறிடப் போறது, கொண்டு வாங்கோ" என்ற அவள் குரல் வாசல் வரை கேட்டது.

பாகீரதி மாமி ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர். "நல்ல வார்த்தை சொன்னேளாம், மலையம்மா. நீங்க நன்னா இருக்கணும்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வைகாசியில் பெண் பார்க்க வந்த திருநெல்வேலிக்காரர்களும் என்னிடம் இதையேதான் கேட்டார்கள். ஆனியில் திண்டுக்கல்காரர்கள் கேட்டார்கள். இரண்டு பேரிடமும், "நல்ல பொண்ணுதேன்... ஆனா" என்று இழுத்துவிட்டு, அடுப்பில் பால் பொங்குவதாகச் சொல்லி வீட்டுக்குள் போனேன். பின்னாலேயே வந்து கெஞ்சிக் கேட்பார்கள் என்று நினைத்தேன். அவர்கள் பஸ் ஏறிவிட்டார்கள்.

அந்த 'ஆனா'வுக்கு அப்புறம் சொல்வதற்கு என்னிடம் ஒன்றுமே இருந்ததில்லை.