நாத்தனாருக்கு ஒரு மெத்தை

"படும்மா. ஓரத்துல கையை வச்சு அழுத்திக் காட்டினா எனக்கு என்ன தெரியும்?"

அந்த அம்மாள் போட்ட அதட்டலில் மெத்தைக் கடையே திரும்பிப் பார்த்தது.

விற்பனைப் பெண் மெத்தையிலிருந்து கையை எடுத்தாள். கடையில் அவளுக்கு ஈர்க்குச்சி என்று பெயர். காற்று பலமாக அடித்தால் கதவைப் பிடித்துக்கொள் என்று கேலி செய்வார்கள்.

"மேடம், நாங்க மெத்தையில உட்காரவே கூடாது. கடைச் சட்டம்."

"உட்காரச் சொல்லலையே, படுக்கத்தானே சொல்றேன்? என் நாத்தனாருக்கு வருஷக்கணக்கா முதுகு வலி. ஆளு உன்னை மாதிரியே ஒல்லி. உனக்கு ஒத்து வந்தா அவளுக்கும் ஒத்து வரும்."

"முதுகு வலிக்குன்னா கெட்டி மெத்தைதான் மேடம் நல்லது" என்று மனப்பாடமாக ஆரம்பித்தாள் ஈர்க்குச்சி.

"அதைப் படுத்துட்டுச் சொல்லு. எங்கே உங்க சூப்பர்வைசர்?"

சூப்பர்வைசர் ஓடி வந்தார். நிற்க முடியாதவர்களுக்கு இந்தக் கடையில் வேலை இல்லை என்று அடிக்கடி சொல்பவர். காலில் நரம்பு சுருண்டுகொண்டது என்று ஸ்டூல் கேட்ட ஒருத்தியை, வீட்டிலேயே உட்கார்ந்துகொள் என்று அனுப்பியும் வைத்தவர்.

"என்ன தகராறு?"

"படுத்துக் காட்டச் சொன்னா, முடியாதுங்கறா."

"கஸ்டமர் சொன்னா செய்ய வேண்டியதுதானே? படு, படு!"

ஈர்க்குச்சி செருப்பைக் கழற்றிவிட்டு, கூனிக் குறுகிப் படுத்தாள். தலையணைப் பிரிவில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"மல்லாந்து படு. காலை நீட்டு. கண்ணை மூடு. கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டா என் நாத்தனார் தூங்குவா?" அம்மாள் சூப்பர்வைசர் பக்கம் திரும்பினாள். "நீங்க ஏன் இங்க நிக்கறீங்க? ஆம்பளை பக்கத்துல நின்னா அவ எப்படி இயல்பா படுப்பா?"

சூப்பர்வைசர் நகர்ந்தார்.

"சரி, சொல்லு. எப்படி இருக்கு?"

ஈர்க்குச்சி தயங்கினாள். பிறகு உண்மையைச் சொன்னாள். "பலகை மாதிரி இருக்கு மேடம். கனமானவங்க படுத்தா அழுந்திக் கொடுக்கும். என் எடைக்கு இறங்க மாட்டேங்குது. இடுப்பு எலும்பு குத்துது."

"அப்ப அடுத்தது."

அடுத்தது பஞ்சுப் பொதி. படுத்ததும் அப்படியே உள்ளே அமுங்கிப் போனாள். இடுப்பு குழிக்குள் இறங்கி வலி சுரீர் என்றது. பல்லைக் கடித்துக்கொண்டாள். அவளுக்கும் வலி உண்டு. குழந்தை பிறந்ததிலிருந்து கூடவே இருக்கிறது. கடையில் மூச்சு விட்டதில்லை. விட்டால் வேலை போய்விடும்.

"அவசரப்படாதே. நல்லா நேரம் எடுத்துப் பாரு" என்றாள் அம்மாள், பக்கத்துக் கட்டிலில் சாவகாசமாக உட்கார்ந்தபடி.

எழுந்திரு, படு, ஒருக்களி, திரும்பு. கடைசியில், கெட்டியும் இல்லாமல், அமுங்கியும் போகாமல், மேலே மட்டும் இளகலாக ஒரு மெத்தை. தோளும் இடுப்பும் கொஞ்சமாக இறங்கின. நடுமுதுகை யாரோ கீழேயிருந்து ஏந்திக்கொண்டாற்போல் இருந்தது.

"இது... இது நல்லா இருக்கு மேடம்."

"சும்மா சொல்லாதே. பேசாம கிட. கொஞ்ச நேரம் கழிச்சுக் கேக்கறேன்."

கண் விழித்தபோது ஈர்க்குச்சிக்கு எங்கே இருக்கிறோம் என்றே புரியவில்லை. வாசலில் வெயில் எதிர்ச் சுவருக்கு ஏறியிருந்தது. சூப்பர்வைசர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்.

அலறியடித்து எழுந்தாள். "சார், மன்னிச்சிடுங்க சார்..."

"நான்தான் எழுப்பாதீங்கன்னு சொன்னேன்" என்றாள் அம்மாள். "தூக்கம் வருதா இல்லையான்னு பார்க்க வேண்டாமா?"

சூப்பர்வைசர் முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டார். "அப்போ இதையே பேக் பண்ணிடலாமா மேடம்?"

"ம்ஹூம். மனசுக்கு ஒப்பலை. நாளைக்கு வந்து மறுபடி பார்க்கறேன். இதே பொண்ணு இருக்கணும். வேற யாரையாவது நிறுத்தினீங்கன்னா அடுத்த கடைக்குப் போயிடுவேன்."

"இவளையே நிறுத்தறேன் மேடம்."

அம்மாள் கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

தலையணைப் பிரிவுக்காரி ஈர்க்குச்சியின் காதோரம் வந்தாள். "பொம்மை மாதிரி உன்னைப் போட்டு உருட்டிட்டு, வெறுங்கையோட போகுது பாரு மகராசி! நாங்கல்லாம் மனுஷங்க இல்லையான்னு கேட்டிருக்கணும் நீ."

ஈர்க்குச்சிக்கும் சுருக்கென்றது. முதுகு லேசாகியிருந்ததுகூட உறைக்கவில்லை. நாளைக்கும் இதே கூத்தா? விறுவிறுவென்று வாசலுக்குப் போனாள்.

"மேடம், ஒண்ணு சொன்னா கோச்சுக்காதீங்க. நாளைக்கு உங்க நாத்தனாரையே கூட்டிட்டு வந்துடுங்க. அவங்கவங்க வலி அவங்கவங்களுக்குத்தானே தெரியும்?"

"எனக்கு ஏதும்மா நாத்தனார்? என் வீட்டுக்காரர் ஒத்தைப் பிள்ளை."



அம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "எதிர்ல பல் ஆஸ்பத்திரியில அவருக்குப் பல் கட்டறாங்க. இந்த வாரம் பூரா அங்க ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருக்கேன். நீ கட்டில் விளிம்பைப் பிடிச்சுக்கிட்டுக் காலை மாத்தி மாத்தி நிக்கறது கண்ணாடி வழியா நல்லாத் தெரியுது."

ஈர்க்குச்சி பயந்துபோய் உள்ளே பார்த்தாள். சூப்பர்வைசர் மெத்தைச் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தார்.

"அவருக்கு இன்னும் பல் வேலை முடியலை, நாளைக்கும் வருவோம். உனக்கு எந்த நேரத்துல வலி ஜாஸ்தியாகும்னு சொல்லு... அப்ப வந்து அதட்டறேன்."