அந்த ‘டொக்’ சத்தம்

“மூணாவது தடவை தம்பி! சஸ்பென்ஷன் மாத்தினீங்களா, இல்ல என் காருக்கு அடியில ஒரு தவில்காரரை உக்கார வெச்சிருக்கீங்களா?”

காரை விட்டு இறங்கும்போதே ரக்ஷனா ஆரம்பித்துவிட்டாள். பின்சீட்டில் அவள் மகன் ரித்திக், எட்டு மாதம், தூக்கம் கெட்ட கோபத்தில் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தான்.

ஜூரோங்கில் நசீர் சொந்தமாக ஒர்க்‌ஷாப் திறந்து நான்கு மாதம்தான் ஆகிறது. கையிலிருந்த ஸ்பானரைப் போட்டுவிட்டு ஓடி வந்தான்.

“வாங்கக்கா. அண்ணன் வரலையா?”

“வேலைக்குப் போயிட்டாரு. அவரு வந்தா நீங்க ரெண்டு பேரும் தே தாரிக் குடிச்சுட்டு ‘சரியாயிடுச்சு’ன்னு கதையை முடிச்சிடுவீங்க. அதான் சொல்லாமக் கொள்ளாம நானே வந்தேன்.”

விஷயம் இதுதான். காரோடு வந்த ஸ்ப்ரிங், ஷாக் அப்சார்பரையெல்லாம் கழற்றிவிட்டு, உசத்தியாக வேறு மாட்ட வேண்டும் என்று அவள் கணவன் பிரபாகர் ஒரு வருடமாகத் துடித்துக்கொண்டிருந்தான். கடைசியில் பிள்ளையைக் காட்டி அனுமதி வாங்கினான்.

“எந்த ஹம்ப்ல ஏறி இறங்கினாலும் ரித்திக் அலுங்காமத் தூங்குவான் லா!”

மாட்டிய மறுநாளே, வேகத்தடையில் ஏறி இறங்கினால் பின்பக்கம் ‘டொக்’. பிள்ளை விழித்துவிடும். ஃபேரர் பார்க்கில் அவர்கள் அடுக்குமாடி புளோக்கின் மாடிக் கார் பார்க்கில் மட்டும் ஆறு ஹம்ப்.

பிரபாகர் இரண்டு முறை காரை இங்கே கொண்டுவந்தான். இரண்டு முறையும் நசீர், “என் தப்புதான், போல்ட் சரியா இறுகலை” என்றானாம். ஒரு வாரம் சத்தமே இருக்காது. அப்புறம் பழைய குருடி கதைதான்.

“எனக்கு அப்பவே தெரியும், கண்ணு பட்டிருக்கு,” என்றாள் ரக்ஷனா. “புதுசா மாட்டி வந்த அன்னைக்குத் தேக்கா மார்க்கெட்டுல நாலு எலுமிச்சம்பழம் வாங்கி டயருக்கு அடியில வெச்சேன். உங்க அண்ணன் என்ன பண்ணாரு தெரியுமா? நாலையும் பொறுக்கி எடுத்து, ஜூஸ் போட்டு என் எதிர்லயே குடிச்சாரு! ‘ஸ்ப்ரிங்குக்குத் திருஷ்டியாம்’னு பக்கத்து வீட்டுச் சீன அங்கிள்கிட்ட வேற சொல்லிச் சொல்லிச் சிரிப்பு.”

நசீருக்குப் புரையேறியது. “ஜூஸா குடிச்சாரு?”

“ஐஸ் போட்டு!”

“சரிக்கா, நீங்க ஆபீஸ் ரூம்ல உக்காருங்க. ஏர்கான் இருக்கு. பத்து நிமிஷத்துல போல்ட்டை இறுக்கிடறேன்.”

“காரைத் தொடவே இல்ல. போல்ட்டுன்னு எப்படித் தெரியும்?”

நசீர் கையைத் துணியில் துடைக்க ஆரம்பித்தான்.

ரக்ஷனா கைப்பேசியை நீட்டினாள். “எங்க அம்மாக்கள் குரூப்புல முன்னூறு பேரு. பாதிப் பேரு வீட்டுல கார் இருக்கு. எழுதி வெச்சுட்டேன், படிச்சுக்கங்க.”

‘மூன்று முறை போயும் சரி செய்யத் தெரியவில்லை. இந்த ஒர்க்‌ஷாப் பக்கம் யாரும் போகாதீர்கள்.’

நசீரின் முகம் சுண்டிப்போனது. அவனுக்குப் பின்னால் இருந்த வெள்ளைப் பலகையில் அந்த வாரத்துக்கு இரண்டே கார்கள்தான் எழுதப்பட்டிருந்தன. ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்படியே விழுங்கிக்கொண்டான்.

“அனுப்புங்கக்கா. தப்பு என்னுதுதான்.”

இவ்வளவு லேசில் தப்பை ஒத்துக்கொள்ளும் ஆம்பளையை ரக்ஷனா அவள் ஆயுசில் பார்த்ததில்லை. சந்தேகம் வந்துவிட்டது.

“காரைத் தூக்குங்க. நானே பாக்குறேன்.”

“கிரீஸ் படும்க்கா…”

“கைப்பிள்ளைக்காரி நான். இதைவிட மோசமானதெல்லாம் தினமும் என் மேல படுது. தூக்குங்க!”

வேறு வழியில்லாமல் நசீர் பொத்தானை அமுக்கினான். கார் மேலே போனது. ரித்திக்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ரக்ஷனா அடியில் போய் அண்ணாந்து பார்த்தாள்.

பளபளவென்று சிவப்பு ஸ்ப்ரிங். அதற்குப் பக்கத்தில், எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு படிகாரக் கல். கூடவே ஏழு காய்ந்த மிளகாய். திருஷ்டிக்கு!

விரலால் கல்லைச் சுண்டினாள். அது ஊசலாடித் தகட்டில் இடித்தது.

டொக்.

கல்லைக் கட்டியிருந்த நீலப் பட்டை அவளுக்கு நன்றாகத் தெரிந்ததுதான். ‘எங்கேயோ தொலைஞ்சுபோச்சு’ என்று பிரபாகர் சொன்ன, ஆபீஸ் அடையாள அட்டையின் கழுத்துப் பட்டை. கம்பெனி பெயர்கூட அழியவில்லை.

நசீர் தலையைச் சொறிந்தான். “ஸ்ப்ரிங் மாட்டின கையோட அண்ணனே கட்டினதுக்கா. ‘அவளுக்குத் தெரிஞ்சா சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவா’ன்னு என் கையைப் புடிச்சுக்கிட்டாரு.”

“கடைப் பேரு கெட்டாலும் பரவாயில்லையா? கழட்டித் தூரப் போட வேண்டியதுதானே?”

“பிள்ளை போற காருன்னு சொல்லிக் கட்டினாருக்கா. அதைக் கழட்ட எனக்குக் கை வரலை. ஒவ்வொரு தடவையும் நல்லா இறுக்கிக் கட்டிட்டு, பழியைப் போல்ட் மேல போட்டுட்டேன்.”

 ரக்ஷனா ரித்திக்கின் ஒரு கால் சாக்ஸைக் கழற்றினாள். படிகாரக் கல்லுக்குச் சட்டை மாதிரி மாட்டிவிட்டாள். மறுபடி சுண்டினாள். சத்தமே இல்லை.

கைப்பேசியில் எழுதி வைத்திருந்ததை முழுசாக அழித்துவிட்டு, ‘இந்தத் தம்பியை நம்பி எதை வேண்டுமானாலும் விடலாம்’ என்று எழுதி அனுப்பினாள்.

சாயங்காலம் வீடு திரும்பிய பிரபாகர் அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டான்: “நசீர்கிட்ட போனியாமே? சத்தம் எதனாலயாம்?”

“போல்ட் சரியா இறுகலையாம்.”

பிரபாகருக்குப் போன உயிர் வந்தது. சிரித்துக்கொண்டே பிள்ளையைத் தூக்கினான்.

“என்ன லா இது, ஒரு கால் சாக்ஸைக் காணோம்?”

“உங்க ஆபீஸ் பட்டை தொலைஞ்ச இடத்துலதான் அதுவும் தொலைஞ்சுது,” என்று சொல்லி, ஐஸ் போட்ட எலுமிச்சை ஜூஸை அவன் முன்னால் ‘டொக்’கென்று வைத்தாள் ரக்ஷனா.