மாடியில் ஒரு விறகடுப்பு

ணங்... ணங்... தலைக்கு மேலே இரும்பில் சுத்தியல் விழும் சத்தம். மூன்று நாளாக இதே கச்சேரி.

இந்தத் தமிழ் வீட்டுக்கு வந்த வங்காளி மருமகள் பியாலி கடைசிப் புடவையையும் வைத்து சூட்கேஸை மூடினாள். இன்றைக்கு மாமியாரிடம் நேராகக் கேட்டுவிட வேண்டும். பதில் சரியில்லை என்றால் பாராசத்தில் அண்ணன் வீடு இருக்கிறது. ஏழு மாத வயிறானால் என்ன, டாக்ஸி ஏற்றிக்கொள்ளாதா?

எல்லாம் போன வாரம் ஆரம்பித்தது. ஆபீஸ் டிபன் பாக்ஸில் மிஞ்சிய மீன் வறுவலை, பசி தாங்காமல், வீட்டு கேஸ் அடுப்பில் சூடு பண்ணிவிட்டாள். மாமனார் விஸ்வநாதன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தார். இந்தச் சமையல்கட்டுக்குள் இனி மீன் நுழைந்தால் நான் வெளியே போகிறேன் என்றார்.

மாமியார் நாகலட்சுமி வாயே திறக்கவில்லை. இரண்டு நாள் கழித்து மொட்டை மாடிக்குப் போய், அங்கே துருப்பிடித்துக் கிடந்த இரும்பு விறகடுப்பைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

கணவன் கௌசிக்கிடம் சொன்னதற்கு, அம்மாவுக்கு மடி ஆசாரம் ஜாஸ்தி, கண்டுக்காதே என்றான், லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பியாலி மூச்சு வாங்க மாடி ஏறினாள். கிடர்பூர் மெக்கானிக் இஸ்மாயில், குடலே இல்லாத அடுப்பு மாசிமா, தூக்கிப் போட்டுவிடலாம் என்று முதல் நாள் சொன்னதையே நாகலட்சுமியிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு அதில் சாம்பல் விழும் கம்பித் தட்டு இல்லை, உள்சுவரில் அடுக்கும் சூளைச் செங்கல் இல்லை, புகையைக் குழாய்க்குள் திருப்பிவிடும் தகடும் இல்லை. இப்போது தட்டை அவன் பொருத்திவிட்டான், செங்கலும் அடுக்கியாயிற்று, தகடு மட்டும்தான் பாக்கி. நாகலட்சுமி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, செங்கல் இடுக்கில் களிமண் பூசிக்கொண்டிருந்தாள்.

"மா, நான் தொட்ட அடுப்புல சமைக்க உங்களுக்கு அருவருப்பா இருக்கா? சொல்லிடுங்க. நான் இன்னிக்கே போயிடறேன்."

நாகலட்சுமி திரும்பவில்லை. "தள்ளி நில்லு. துரு பறக்கறது."

அதற்குள் விஸ்வநாதன் படியில் பாதி ஏறி வந்துவிட்டார். மருமகளைப் பார்த்து ஒரு கனைப்பு.

"சுத்தம்னா இப்படி இருக்கணும். நாகு, இனிமே எனக்கும் இந்த அடுப்புலதான் சமையல்."

"இதுல சமைக்கறதை நீங்க சாப்பிட மாட்டேள்."

"ஏன்?"

நாகலட்சுமி எழுந்து கைப்பிடிச் சுவர் ஓரம் வந்தாள். கையெல்லாம் களிமண்.

"வர ஞாயித்துக்கிழமை இவளுக்கு ஷாத். பிள்ளைத்தாச்சிக்கு, பெத்தவ மீனும் பாயசமுமா ஆக்கிப் போடணும்கறது இவா வழக்கம். இவளுக்குப் பெத்தவ இல்லை. அதனால நான் போடறேன். சமையல்கட்டுக்குள்ள மீன் வரப்படாதுன்னேள். வராது. வாசனை பிடிக்கலைன்னா, அன்னிக்கு ஒரு நாள் பார்க்ல போய் உட்கார்ந்துக்கோங்கோ."

விஸ்வநாதனின் செருப்புச் சத்தம் மெதுவாகக் கீழே இறங்கியது.

பியாலி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, களிமண் சட்டியை மாமியார் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"இஸ்மாயில், அந்தத் தகட்டை நன்னா இறுக்கு. இவ மூஞ்சில புகை அடிக்கப்படாது" என்ற நாகலட்சுமி, மறுபடி குந்தி உட்கார்ந்து ஒரு பிடி களிமண்ணை அள்ளினாள்.