ஐந்தாவது மாத்திரை

சுற்றுலா முடிந்து வந்த நாலாம் நாள், வீட்டிலிருந்த ஒரே கழிவறைக்கு வரிசை நின்றது.

குடலில் ஒட்டுண்ணி, போன இடத்தில் குடித்த தண்ணீர் செய்த வேலை என்றார் டாக்டர். வீட்டில் எல்லோரும் மூன்று நாள் மாத்திரை சாப்பிட வேண்டுமாம். பெரிய மகன் போய் வாங்கி வந்தான்.

மாமியார் பூச்சி மாத்திரையை உரித்துத் தானும் ஒன்று எடுத்துக்கொண்டு, இரண்டு மகன்களுக்கும் இரண்டு மருமகள்களுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார். சின்ன மருமகள் வாயருகே கொண்டுபோனதைப் பெரிய மருமகள் வெடுக்கென்று பிடுங்கினாள்.

"இவளுக்கு வேண்டாம் அத்தை. இவளுக்கு ஒண்ணும் இல்ல."

மூன்று நாளாகத் துவண்டு கிடக்கிறவளைப் போய் இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது?

எல்லோருக்கும் வந்த வயிற்றுக் கோளாறுதான் தனக்கும் என்று சின்னவள் முனகினாள்.

"சும்மா நடிக்கிறா" என்றாள் பெரியவள்.

கல்யாணமாகி ஒன்பது வருஷமாகியும் குழந்தை இல்லாததால்தான் மூத்தவள் இப்படிச் சிடுசிடுக்கிறாள் என்பது மாமியாரின் கணிப்பு. அதை வாயால் சொன்னதில்லை, முகத்தால் மட்டும் சொல்வார்.

"முடியாதவகிட்டயா உன் வீம்பு? மாத்திரையைக் கொடு."

பெரியவள் கொடுக்கவில்லை. சின்னவளின் கையைப் பிடித்து அறைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். வெளியே மாமியாரின் அர்ச்சனை ஆரம்பமானது.

மாத்திரையோடு வந்த சீட்டைப் பிரித்துக் காட்டினாள். எல்லாம் பொடி எழுத்து.

"கர்ப்பமா இருக்கறவங்க சாப்பிடக் கூடாதுன்னு போட்டிருக்கு."

சின்னவளின் முகம் வெளுத்தது. "உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"எங்களுக்கெல்லாம் வயித்தால போகுது. நீ மட்டும் காலையில, குழாயைத் திறந்து விட்டுட்டு வாந்தி எடுக்கறே."

சின்னவள் அழுதுவிட்டாள். "உங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான் யார்கிட்டயும் சொல்லலக்கா."

பெரியவளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. நாளைக்கு டாக்டரிடம் தானே கூட்டிப்போவதாகச் சொல்லிச் சின்னவளின் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"இவ்வளவு பொடி எழுத்தை யாருக்கா படிப்பாங்க?"

"நான் படிப்பேன். ஒன்பது வருஷமா, தலைவலி மாத்திரைன்னாக்கூட இந்த வரியைத் தேடிப் படிச்சிட்டுத்தான் வாயில போடறேன். ஒருவேளை நமக்கும் இருந்துட்டா என்ன பண்றதுன்னு. இன்னிக்குத்தான் அது ஒரு குழந்தைக்கு உபயோகப்பட்டுது."